செவிவழிக் கணிதம்

சர்வகலாசாலைக்குட் புகுவோர் யாவர், பட்டத்தின் பின்னும் நின்று ஆராய்வோர் யாவர் என்னும் வினா கரவெட்டி மக்களுக்குப் புதியதன்று. பிறப்பைக் காரணங்காட்டிப் பள்ளிக்கூடத்து வாயிலிலே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இவ்வூரில் இருந்தனர். அவர்கள் பொருட்டுச் சைவப் பெரியார் சூரன் அவர்கள் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தாபித்த வரலாறு இம்மலரை வாசிப்போர் நன்கறிந்ததாகையால், அதனை இங்கே விரித்தல் வேண்டா. அத்தடை கண்ணுக்குத் தெரிந்த தடை; தடுத்தவர் இன்னார் என்று சுட்டிக் காட்டவும் கூடியது. ஒருவரும் தடுக்காமலே ஒரு மாணவன் வெளியே நிற்க நேர்வதும் உண்டு. அவன் படிக்கவேண்டிய புத்தகத்தின் அமைப்பே அவனை வெளியே நிறுத்திவிடும். இத்தகைய தடையொன்றைப் பல்கலைக்கழகத்துக் கணனி ஆராய்ச்சி ஒன்று எவ்வாறு தகர்த்தது என்பதையும், அதன் பயன் தமிழ் மாணவரிடம் வந்து சேர இன்னும் என்ன செய்யவேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழிப்புலனற்றவனுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் எட்டா என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். பார்வையற்ற பிள்ளை கெட்டிக்காரனாயின் சங்கீதம் படிக்கட்டும், அல்லது தமிழும் வரலாறும் படித்துக் கலைப்பட்டதாரி ஆகட்டும் என்று அன்போடு சொல்லி அனுப்பிவிடுகிறோம். அன்போடு சொல்வதனாலேதான் அதனைத் தடையென்று உணராதிருக்கிறோம் போலும்.

செவிவழிக் கல்வி நமக்குப் புதியதா? திண்ணைப் பள்ளிக்கூடத்திலே எண்சுவடியை வாய்விட்டு ஓதி, காதாற் கேட்டு, மனத்திற் பதித்தனர் நம் முன்னோர். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்தகக்கவி வீரராகவ முதலியார் தம் முதுகிலே எழுத்தை எழுதிக் காட்டச் செய்து கற்றார் என்றும், யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னனிடத்திலே பரிசில் பெற்றார் என்றும் மரபு கூறும். ஆயின் எண்சுவடியும் செய்யுளும் ஒரே வரியிலே ஓடுவன. அவற்றை வாயாற் சொன்னால் ஏதும் குறைந்துபோவதில்லை. இக்காலத்து அட்சரகணிதமோ அவ்வாறன்று. அது வரியன்று, படம். பின்னத்திலே தொகுதியெண் மேலும் பகுதியெண் கீழும் நிற்கும். அடுக்கு, வலப்பக்கத்து மேல்மூலையிலே சிறிதாக நிற்கும். வர்க்கமூலக்குறி ஒரு கூரைபோலப் படர்ந்து, தான் மூடிய உறுப்புக்கள் அனைத்தையும் தனதாக்கும். கண் இவற்றை ஒரே பார்வையிற் பற்றிக்கொள்கிறது. செவிக்கோ ஒன்றன்பின் ஒன்றாகவே வரவேண்டும்.

ஒரு சிறு உதாரணம் காண்போம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை அயலிலிருப்பவன் பார்வையற்ற நண்பனுக்கு, "க சக ப இன் கீழ் ம" என்று வாசித்துக் காட்டுகிறான். கவும் பவும் சேர்ந்த தொகையை மவினால் வகுப்பதா? அல்லது பவை மாத்திரம் மவினால் வகுத்து, அதனோடு கவைக் கூட்டுவதா? க 6, ப 4, ம 2 என்று கொண்டால் முதலாவது வழியில் விடை 5. இரண்டாவது வழியில் 8. வாசித்தவன் பிழைவிடவில்லை, கேட்டவனும் பிழைவிடவில்லை. ஆயினும் கணக்குப் பிழைத்துவிட்டது.

இதற்கு முதலிற் பரிகாரம் தேடியோர் விரலை நாடினர். 1824 ஆம் ஆண்டளவிலே பிரான்சு தேசத்து லூயி பிரெயில் என்னும் இளைஞர் ஆறு புள்ளிகளைக்கொண்டு 63 வடிவங்களை அமைத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951 இல் வகுக்கப்பட்டது. கணிதத்துக்கென விரிவான பிரெயில் முறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஏபிரகாம் நெமத். 1918 இல் நியூயோர்க்கிலே பிறவிக் குருடராகப் பிறந்த இவருக்குக் கணிதத்தில் பெருவிருப்பு. வழிகாட்டிகளோ அது பார்வையற்றவனுக்கு ஆகாதென்று தடுத்து, உளவியலுக்குத் திருப்பிவிட்டனர். அவர் உளவியலிற் பட்டம் பெற்றும் கணிதத்தை விடவில்லை. தமக்குத் தேவையான குறிகளைத் தாமே ஆக்கிக்கொண்டார். 1952 இல் வெளியான அம்முறை இன்றும் அவர் பெயராலே வழங்குகிறது. பின்னாளிலே டெட்ராயிற் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பித்தார்.

பிரெயிலின் பெருமையைக் குறைத்தல் நம் கருத்தன்று. ஆயினும் பட்டப்பின் படிப்பிலே அதற்கு ஓர் எல்லை உண்டு. பட்டதாரியாவதற்கு முன் மாணவன் படிப்பது ஆண்டாண்டாக மாறாதிருக்கும் பாடநூல். அதனை ஒருமுறை முயன்று பிரெயிலாக்கி, பல தொகுதிகளாகப் பருத்துப் போனாலும், அலுமாரியில் வைத்துப் பயன்படுத்தலாம். ஆராய்ச்சி மாணவனுக்கோ சென்ற வாரம் வெளியான கட்டுரை இன்றைக்கு வேண்டும். உலகத்திலே இருவரோ மூவரோ படிக்கப்போகும் அக்கட்டுரையை யார் பிரெயிலாக்கித் தருவார்? வாசித்துக் காட்டும் நண்பனுக்கும் பொருள் விளங்காத ஆழத்திலேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. ஆகவே, எவ்வளவு திறமையுள்ளவனும் பட்டத்தோடு நின்றுவிடும்படி நேர்ந்தது.

இந்த இடத்திலேதான் இராமன் என்னும் இளைஞரின் ஆராய்ச்சி வருகிறது. டி. வி. இராமன் என்று அறியப்படும் இவருடைய முழுப்பெயரிலே திருவில்வாமலை என்ற கேரளத்து ஊர்ப்பெயர் முன்னிற்கிறது. 1965 இல் புனாவிலே பிறந்தார். சிறுவயதில் ஒரு கண்ணிலே ஓரளவு பார்வை இருந்தது. கண்ணழுத்த நோயால் 14 ஆவது வயதில் அதுவும் போயிற்று. பிறர் வாசிக்கக் கேட்டே புனாவிற் கணிதத்திற் பட்டம் பெற்று, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே கணனியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்பு அமெரிக்காவிலே கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பேராசிரியர் டேவிட் கிரீஸ் அவர்களின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்தார். தமக்குக் குறுக்கே நின்ற தடையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த அருமையான காரியம். 1994 இல் முடிவுற்ற அவ்வாய்வின் பயனாக உருவான கணனி முறைக்கு ஆஸ்டர் என்று பெயர். தொழில்நுட்ப நூல்களைச் செவிக்கு வழங்கும் முறை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அது அமைந்திருக்கிறது. உண்மையில் ஆஸ்டர் என்பது அவரை நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி நாயின் பெயர். நன்றியுள்ள பிராணிக்கு இதனினும் சிறந்த கைம்மாறு யாது?

ஆஸ்டர் வேலைசெய்யும் வகையை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று. டொனால்ட் கனூத் என்ற கணித அறிஞர், கணித நூல்கள் அழகாக அச்சாகவேண்டுமென்று கருதி, 1978 இல் டெக் என்னும் அச்சமைப்பு முறையை வெளியிட்டார். அதன்வழி வந்த லாடெக் முறையிலே நூலாசிரியன் தன் சமன்பாட்டைப் படமாக வரைவதில்லை. "இது பின்னம், இதன் தொகுதி இது, பகுதி இது" என்று கணனிக்கு எழுத்தாலே சொல்லிவிடுகிறான். அச்சிடும்போது கணனி அதனைப் படமாக்குகிறது. இராமன் கண்ட நுட்பம் இதுவே: கணனிக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்திருக்கிறது, அதனைத் தாளிலே படமாக்கவேண்டும் என்பது என்ன விதி? காற்றிலே ஒலியாகவும் ஆக்கலாமன்றோ! படத்தைப் பார்த்து வாசிப்பதாயின் அது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. மூலத்திலிருந்தே ஒலிக்குச் செல்வதாயின், கண்ணால் வாசிப்பவனுக்குத் தாள் எத்தகையதோ, செவியால் வாசிப்பவனுக்கு ஒலியும் அத்தகையதாகும்.

ஆஸ்டர் முதலிலே நூலை ஒரு மரமாக விரித்துக்கொள்கிறது. மேலே காட்டிய கணக்கிலே அடிமரம் பின்னம். ஒரு கிளை கூட்டல், அதன் இலைகள் கவும் பவும். மற்றக் கிளை ம. கேட்பவன் விரும்பினால், "ஒரு பின்னம்" என்ற அளவிலே அறிந்துகொண்டு அப்பாற் செல்லலாம். விரும்பினால் கிளையிலே இறங்கி ஒவ்வோர் உறுப்பாகக் கேட்கலாம். மீண்டும் மேலே ஏறலாம். ஒலிப்பதிவு நாடாவிலே வாசிப்பவனே தலைவன், கேட்பவன் அவன் பின்னே இழுபடுபவன். இங்கே கேட்பவன் தலைவனாகிறான். கண்ணுள்ளவன் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வேண்டிய இடத்திற் குனிந்து நோக்குகின்றானே, அந்தச் சுதந்திரம் இதனாற் கிட்டியது.

அடுத்தது குரல். அடுக்கிலே நிற்கும் எண்ணை ஆஸ்டர் சற்று உயர்ந்த குரலில் ஒலிக்கும், அடுக்கின்மேல் அடுக்காயின் குரல் இன்னும் உயரும், கீழ்க்குறியாயின் தாழும். தாயம் ஒன்றை வாசிக்கும்போது ஒலி இடக்காதிலிருந்து வலக்காதுக்கு நகர்ந்து செல்லும்; எந்த நிரலில் நிற்கிறோம் என்பது செவிக்கே தெரிந்துவிடும். பட்டியலின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னே சொல்லில்லாத ஒரு சிற்றொலி எழும். மிக நீண்ட கோவை வந்தால் அதன் பெரும்பகுதிகளுக்கு ஒவ்வொரு பெயரிட்டு, முதலில் முழு உருவத்தையும் பெயர்களால் வாசித்து, பின்பு அப்பெயர்களின் விரிவைத் தனித்தனியே கூறும். "மேலே கண்ட இத்தனையாம் சமன்பாடு" என்று நூலாசிரியன் எழுதியிருப்பின், கண்ணுள்ளவன் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பான். செவியால் வாசிப்பவன் அச்சமன்பாட்டைக் கேட்டபொழுதே அதற்குத் தனக்குப் பிடித்த ஒரு பெயரை இட்டுவைக்கலாம். பின்னர் எண்ணுக்குப் பதிலாக அப்பெயரே ஒலிக்கும். இப்பகுதி என்னை மிகக் கவர்ந்தது. கண்ணுள்ள வாசகர்க்கும் இத்தகைய வசதி இல்லையே!

அமெரிக்காவின் கணனியியற் சங்கமாகிய ஏ.சி.எம்., சிறந்த கலாநிதிப்பட்ட ஆய்வுக்கான தனது 1994 ஆம் ஆண்டுப் பரிசை இவ்வாய்வுக்கு அளித்தது. இரக்கத்துக்காக அளித்த பரிசன்று அது. ஒரு நூலின் பொருளமைப்பு வேறு, அது தோன்றும் உருவம் வேறு என்ற உண்மையைச் செய்துகாட்டிய ஆராய்ச்சிக்கு அளித்தது. திருவாரூரிலே தண்டியடிகள் நாயனார் திருக்குளத்தைத் தோண்டப் புகுந்தபோது, குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார் என்று பெரியபுராணம் கூறும். ஒருவரும் அவர் கையைப் பிடித்து நடத்தவில்லை. கயிறு இருந்தது, வேலை நடந்தது. ஆஸ்டரும் அத்தகைய கயிறே.

கயிறு ஒருமுறை கட்டப்பட்டதும் பிறரும் அதனைப் பற்றி நடந்தனர். 1998 இல் வலைப்பக்கங்களிலே கணிதத்தைப் பொருளமைப்போடு எழுதுவதற்கான மாத்எம்எல் என்னும் பொதுமுறை வெளியாயிற்று. 2006 இல் பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் இருவர், திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை உலகத்துக்கு இலவசமாக அளித்தனர். யப்பானியப் பெண்மணியாகிய சியேகோ அசகாவா, இராமனைப் போலவே 14 வயதிற் பார்வையை முற்றாக இழந்தவர். 1997 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாயிலாக வலைப்பக்கங்களை வாசிக்கும் கருவியை வெளியிட்டு, 2004 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். செவிப்புலனற்ற பெற்றோரின் மகனாகிய பேராசிரியர் ரிச்சட் லாட்னர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து, உடற்குறையுள்ள மாணவர் கணனியியலில் உயர்பட்டம் வரை செல்வதற்கென 2006 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய ஆய்வுகூடத்தார் பாடநூற் படங்களைத் தொட்டறியும் படங்களாக மாற்றும் வழிகளையும் ஆராய்ந்தனர். வேறுபட்ட உடலும் வேறுபட்ட அனுபவமும் உடையோர் ஆராய்ச்சிக் கூடத்துள் வந்தால், மற்றையோர் மனத்திலே எழாத வினாக்கள் எழுகின்றன என்பது லாட்னர் போன்றோரின் கொள்கை. இராமனுடைய வாழ்க்கையே அதற்குச் சான்று.

கருவி இருந்துவிட்டால் மாத்திரம் வாயில் திறந்துவிடும் என்றும் எண்ணலாகாது. பம்பாயிலே இராமன் படித்துச் சென்று ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின்னரும், டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சானி, பத்தாம் வகுப்புக்குமேல் விஞ்ஞானம் படிக்க அனுமதி பெறவே போராட வேண்டியிருந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் நுழைவுப் பரீட்சை அவருக்குக் கிட்டவில்லை. 2013 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் முழு உதவியோடு அவரை ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்துத் தேசத்துக்கு இது பெருமை தருவதன்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கைதடியிலே நவீல்ட் பாடசாலையும், சுன்னாகத்திலே வாழ்வகமும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் செய்துவரும் தொண்டு யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்தது. உடற்குறையுள்ளோரின் உரிமைகளைக் காப்பதற்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் இந்நாட்டில் உண்டு. போர்க்காலத்து வெடிகளாலே, பிறந்தபோது இருந்த பார்வையைப் பின்னர் இழந்தோரும் நம்மிடையே உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடத்திலே கணனி விஞ்ஞானத் துறை இருக்கிறது. இவையெல்லாம் இருந்தும், பார்வையற்ற பிள்ளை கலைப்பிரிவையே நாடுவது பெருவழக்காக உள்ளது. அவன் விஞ்ஞானத்தை நாட விரும்பினால் அவன் கையிலே கொடுப்பதற்குத் தமிழிலே நாம் என்ன வைத்திருக்கிறோம்?

நல்ல தொடக்கங்கள் உள்ளன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் அவர்களின் ஆய்வுகூடம், அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தை எழுத்தெழுத்தாக அறியும் முறையையும், தமிழை ஒலிக்கும் முறையையும் ஆக்கியது. அவ்வெழுத்தறி முறை பிரெயில் நூல்கள் ஆக்கவும் பயன்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியை ஹேமா மூர்த்தி அவர்களின் குழுவினர் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்குப் பேச்சொலி ஆக்கும் ஆராய்ச்சியை வளர்த்தனர். முற்கூறிய இலவச மென்பொருளையும் தமிழிற் கேட்கலாம். ஆகவே, தமிழ் உரைநடையைக் கணனி வாசிக்கும் காலம் வந்துவிட்டது.

அது வாசிப்பதற்கு நாம் இடங்கொடுக்கிறோமா என்பது வேறு விடயம். நம் ஊர் அச்சகங்களிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திரையிலும் தாளிலும் அது அழகிய தமிழ். கணனியின் உள்ளேயோ ஆங்கில எழுத்துக்களின் கோவை. "அம்மா" என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. வாசிக்கும் கருவி அம்மா என்று சொல்லாமல் அவ்வாங்கில எழுத்துக்களையே உளறும். தமிழுக்கு உரிய இடத்தை ஒருங்குறி 1991 இலேயே ஒதுக்கிவிட்டது. அவ்வாறிருந்தும் வினாத்தாள்களும், பயிற்சிக் குறிப்புக்களும், ஏன், கல்லூரி மலர்களுங்கூட, பழைய எழுத்துருவிலோ வெறும் புகைப்படமாகவோ வெளிவருகின்றன. இம்மலரின் பதிப்பாசிரியர் இதனைக் குறைகூறலாகக் கொள்ளாமல் ஒரு விண்ணப்பமாகக் கொள்வாராக.

கணிதமாயின் சிக்கல் இன்னும் பெரிது. ஆங்கிலத்துக்கு எழுதிய விதிகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆங்கிலத்தான் "வர்க்கமூலம்" என்று முதலிற் சொல்லிவிட்டு, எதனுடையது என்பதைப் பின்னர் சொல்வான். நாமோ உறுப்புக்களையெல்லாம் சொல்லிமுடித்து, இறுதியிலே "இன் வர்க்கமூலம்" என்கிறோம். "க சக ப இன் வர்க்கமூலம்" என்றால் மூலக்குறியின் கூரை எங்கிருந்து தொடங்கியது? ஆங்கிலத்திலே ஐயம் கூரையின் முடிவைப் பற்றியது. தமிழிலே அதன் தொடக்கத்தைப் பற்றியது. கேட்பவன் முழுவதையும் நினைவிலே தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பின்னத்தையோ இருவகையாகச் சொல்கிறோம். "நான்கில் மூன்று" என்றாற் கீழெண் முதலில் வருகிறது. "மூன்றின் கீழ் நான்கு" என்றால் மேலெண் முதலில் வருகிறது. இவ்வீட்டிலே ஒன்று, அவ்வீட்டிலே மற்றொன்று. கலைச்சொற்களும் கடல்தாண்டினால் மாறுகின்றன. நாம் தாயம் என்பதை இந்தியத் தமிழர் அணி என்பர்.

இவை யாவற்றிலும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. கூட்டற்குறியை நாம் "சக" என்கிறோம். கழித்தற்குறியைச் "சய" என்கிறோம். இரண்டுக்கும் வேறுபாடு ஓரெழுத்து. வகுப்பிலே கரும்பலகை முன்னால் இருப்பதனால் ஒருவருக்கும் மயக்கமில்லை. கண்ணின் துணையின்றி, கணனிக் குரலிலே, விரைவாகக் கேட்பவனுக்கு ஓர் எழுத்து மங்கினால் முழுக்கணக்கும் கவிழும். இராமனுடைய குரலேற்றத் தாழ்வு முறை எம்மொழிக்கும் பொது; அதனைத் தமிழ் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொல்லமைப்பையும் சொற்றேர்வையும் பற்றிய பகுதி தமிழர் தாமே செய்யவேண்டியது. தொகையீட்டின் எல்லைகளை முதலிற் சொல்வதா, இறுதியிற் சொல்வதா. மூலத்தின் கூரைக்கு முன்னறிவிப்பு வேண்டுமா, ஒரு மணியொலி போதுமா என்பன போன்றவற்றை எவரும் மேசையிலிருந்து ஊகித்து முடிவுசெய்ய முடியாது.

இது ஒரு முதுநிலைப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ தக்க பொருள் என்பது என் அபிப்பிராயம். கணிதம், கணனியியல், தமிழிலக்கணம் ஆகிய மூன்றும் இங்கே கூடுகின்றன. முதல் வேலைக்குப் பெரும்பொருளும் வேண்டியதில்லை. வடமராட்சிக் கல்லூரிகளின் உயர்தர வகுப்புக் கணித ஆசிரியர்கள், கரும்பலகையில் எழுதுவதை வாயால் எவ்வாறு சொல்கின்றனர் என்பதை ஒலிப்பதிவு செய்யலாம். ஒரே சமன்பாட்டைப் பலர் பலவாறு வாசிப்பதை ஒப்பிட்டு, மயக்கம் நேரும் இடங்களைக் குறிக்கலாம். மயங்கியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியவர் கரும்பலகையைக் காணாத மாணவரே. அவர்களை ஆய்வுப்பொருளாக்காமல் ஆய்வாளராகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளிலே கணனித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் பலர். ஆண்டுதோறும் அவர்கள் கல்லூரிக்கு அனுப்பும் உதவியிலே ஒரு பங்காகத் தம் மாலைநேரங்கள் சிலவற்றையும் இதற்கு அனுப்பலாம். ஆசிரியர்களோ இப்பொழுதே தொடங்கலாம்: அடுத்த தவணைக் கணித வினாத்தாளைப் படமாக ஒட்டாமல் ஒருங்குறியிலும் லாடெக் முறையிலும் எழுதிவைத்தால், அதனை வாசிக்கும் குரல் வரும் நாளிலே வாசிக்கத் தக்கதொன்று காத்திருக்கும்.